வேலூர் வெயிலில் சேனைக்கிழங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேனையும் கருணையும் ஒன்றா?

இல்லை. வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்துச் சந்தைகளில் சேனை என்றால் யானைப் பாதம் போல அகலமாக, பழுப்புத் தோலும் வேர்த் தழும்புகளுமாக இருக்கும் பெரிய கிழங்கு. பிடிகருணை கைப்பிடிக்குள் அடங்கும் சின்னக் கிழங்கு. மசியலுக்குப் போவது அது. தென் மாவட்டங்களில் பல ஊர்களில் பெரிய கிழங்கையே கருணை என்பார்கள். அதனால் வெளியூரில் விதைக்கிழங்கு வாங்கும்போது போனில் பெயரை மட்டும் சொல்லி மூட்டை போடச் சொல்லாதீர்கள். ஒரு படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்தப் பக்கம் முழுக்க சேனையைப் பற்றியது.

மழைக்காட்டில் வளரும் செடி என்கிறார்களே, 40 டிகிரி வெயில் அடிக்கும் வேலூரில் வருமா?

வரும். ஆனால் அதன் பிறந்த இடத்தை மறந்துவிட்டு நட்டால் வராது.

இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் வெப்பமண்டலக் காடுகளின் மர நிழலில், உதிர்ந்த இலை மக்கிய மண்ணில் வளரும் இனம் இது. சுமத்ரா காட்டில் ஆளுயரத்துக்கு மேல் பூக்கும் பிணமலர்ச் செடி இதற்கு நெருங்கிய உறவு. காட்டுத் தரையில் மூன்று விஷயம் இருக்கும்: மேலே வடிகட்டிய வெளிச்சம், மண்மேல் இலைப் போர்வை, பெய்த மழை தேங்காமல் இறங்கிவிடும் பொலபொலப்பான மண். நாம் தரவேண்டியதும் இந்த மூன்றுதான்.

வெயிலைத் தாண்டும் வழியைச் செடியே வைத்திருக்கிறது. வறண்ட மாதங்களில் இலை சாய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். மழை வாசனை வந்ததும் முளைக்கும். நமக்கு ஆடி, ஆவணியில் தென்மேற்கு மழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழையும் கிடைக்கின்றன. இரண்டும் சேர்ந்து அதன் வளரும் காலத்தை ஏறக்குறைய முழுதாக மூடிவிடுகின்றன. வேலூரில் சேனை தோற்கும் இடங்களைப் பார்த்தால், வெயிலால் போனதைவிடத் தண்ணீர் தேங்கி அழுகியதே அதிகம்.

எந்த மண் ஏற்றது? ஏரிப் பாசன வயலில் போடலாமா?

செம்மண் கலந்த குறுமண், பாலாற்றங்கரை வண்டல் மணல், மேட்டுப்பாங்கான தோட்டக்கால் நிலம் ஏற்றவை. நெல் நடும் ஏரிப் பாசனக் களிமண்ணில் போடாதீர்கள். ஐப்பசி மழையில் பக்கத்து வயல் தண்ணீர் கசிந்து உள்ளே வந்தாலே போதும், கிழங்கு மெத்தென்று இளகிவிடும். வேறு நிலமே இல்லை என்றால் ஒன்றரை அடி உயரம் மண்மேடாகப் பார் கட்டி, பாரின் மேல் நடுங்கள்.

இன்னொன்று கிணற்று நீர். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் உப்பேறிய கிணறுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். உப்பு நீர் பாய்ந்தால் சேனை இலையின் ஓரம் கருகிக்கொண்டே வரும், கிழங்கு பருக்காது. நடுவதற்கு முன் மண்ணையும் நீரையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வேலூர் மாவட்டத்தில் விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; அங்கே வழி கேட்கலாம்.

எந்த மாதம் நடுவது?

சித்திரை கடைசியிலிருந்து வைகாசிக்குள். கிழங்கு முற்ற 8 முதல் 9 மாதம் ஆகும். சித்திரையில் கோடை மழை ஒன்று பெய்ததும் நட்டால் மார்கழிக் கடைசியில் வெட்டலாம். பொங்கல் குழம்புக்கு மொச்சை, பூசணி, சக்கரவள்ளியோடு சேனையும் வேண்டும் என்று வீட்டுக்கு வீடு வாங்கும் நாட்கள் அவை. ஆடியில் நட்டவர்களுக்கு அந்தச் சந்தை கை நழுவிவிடும். இலை விரிந்து பருக்க வேண்டிய நேரத்தில் அடைமழையும் பிடித்துக்கொள்ளும்.

எந்த ரகம் வாங்குவது?

கஜேந்திரா. ஆந்திராவின் கொவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த ரகம். காறல் மிகக் குறைவு, உருண்டையாக வரும், பக்கக் கிழங்கு பெரும்பாலும் வைக்காது. திருவனந்தபுரத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீ பத்மாவும் நல்ல ரகம். நாட்டுச் சேனை வைத்திருப்பவர்கள் அதையே போடலாம், ஆனால் காறல் இருக்கும் என்று விற்கும்போதே சொல்லிவிடுங்கள். காட்டோரத்தில் தானாக முளைக்கும் காட்டுச் சேனையைத் தோண்டி வந்து நடவோ சமைக்கவோ வேண்டாம். அதன் தண்டு சொரசொரவென்று முள் முடிச்சுகளோடு இருக்கும். காறல் நாக்கு தாங்காது.

விதைக்கிழங்கை எப்படி அறுப்பது?

பயிரின் பாதி வெற்றி இங்கேதான், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கிழங்கை நேராக வைத்து மேலே பாருங்கள். நடுவில் குழிந்த இடத்தில் ஒரு மொட்டு, சுற்றிலும் வளையம் வளையமாகக் கோடுகள். முளை அந்த நடு மொட்டிலிருந்துதான் வலுவாக வரும். ஆகவே தர்ப்பூசணிக் கீற்று போடுவதுபோல மேலிருந்து கீழாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் நடு மொட்டைச் சுற்றிய வளையத்தின் ஒரு பகுதி இருக்க வேண்டும். வெங்காயம் அரிவதுபோலக் குறுக்கே வில்லை போட்டால் மேல் வில்லை மட்டும் முளைக்கும், கீழே உள்ளது மண்ணுக்குள் அழுகும்.

துண்டு அரை கிலோவுக்குக் குறைய வேண்டாம். 2 கிலோ கிழங்கில் நான்கு துண்டு. முழுக் கிழங்காகவே கிடைத்தால், அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை உள்ளதை அறுக்காமல் நடுவது இன்னும் நல்லது. வெட்டுக்காயம் இல்லாததால் அழுகல் குறையும், முளையும் ஒரே சீராக வரும்.

அறுத்தபின்: ஒரு வாளித் தண்ணீரில் பசுஞ்சாணியை தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, ஒரு கிலோ கிழங்குக்கு 5 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) தூளைக் கலக்குங்கள். துண்டுகளை முக்கி எடுத்து, வெட்டுமுகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். மறுநாளே நட அவசரப்பட வேண்டாம். வெட்டுமுகம் தோல்போல் காய்ந்து, விரலால் தொட்டால் ஒட்டாமல் இருக்கும்போது நடுங்கள். ஈர வெட்டுமுகத்தோடு மண்ணுக்குள் போன துண்டுதான் முளைக்காமல் நாறிப்போகிறது.

ஏக்கருக்கு எவ்வளவு விதை, எவ்வளவு உரம்?

மூன்றடிக்கு மூன்றடி, அதாவது 90 செ.மீ. இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு சுமார் 5000 செடி. அரை கிலோ துண்டு என்றால் 2.5 டன் விதைக்கிழங்கு. செலவில் பெரும் பங்கு இதுதான். முதல் வருடமே ஏக்கர் கணக்கில் இறங்காமல், 10 சென்ட்டில் தொடங்கி விதையைச் சொந்தமாகப் பெருக்கிக்கொள்வதே எங்கள் பரிந்துரை.

குழி இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம். வெட்டி ஒரு வாரம் வெயிலில் விடுங்கள். மேல்மண்ணோடு 2 கிலோ மக்கிய தொழு உரம், 30 கிராம் சூப்பர் பாஸ்பேட், கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கலந்து முக்கால் குழி நிரப்பி, அதன்மேல் துண்டை மொட்டு மேலே இருக்கும்படி வைத்து மூடுங்கள். கிழங்கின் தலைக்கு மேல் நான்கு விரல் மண் போதும்.

மேலுரம் இரண்டு தவணை. நட்ட 45ஆம் நாள் செடிக்கு 7 கிராம் யூரியாவும் 7 கிராம் பொட்டாஷும். ஒரு மாதம் கழித்து அதே அளவு மறுபடி. தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளி வட்டமாகத் தூவி மண் அணையுங்கள். ஏக்கருக்கு மொத்தம் 70 கிலோ யூரியா, 150 கிலோ சூப்பர், 70 கிலோ பொட்டாஷ் அளவில் நிற்கும். பசுமையாக இருக்கிறதே என்று யூரியாவை மட்டும் கூட்டினால் இலை குடைபோல் விரியும், கிழங்கு நீர் கோத்துச் சீக்கிரம் கெடும்.

மக்காத சாணியைப் போடலாமா?

கூடாது. சூடு கிளம்பும், புழுவும் பூஞ்சையும் சேரும்.

மூடாக்கு கட்டாயமா?

கட்டாயம். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். வைகாசி வெயிலில் வெறும் செம்மண்ணின் மேல்தோல் வெறுங்காலில் நிற்க முடியாத சூட்டுக்குப் போகிறது. முளை அந்தச் சூட்டைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். தென்னை ஓலை, கரும்புச் சோகை, மல்லாட்டைத் (வேர்க்கடலை) தோல், வைக்கோல், கிடைப்பதை நட்ட அன்றே அரை அடி கனத்துக்குப் பரப்புங்கள். கரையான் இருக்கும் நிலத்தில் மட்டும் மூடாக்குக்குக் கீழே வேப்பம்புண்ணாக்கைத் தூவிவிடுங்கள்.

இடைவெளியில் தட்டைப்பயறோ சணப்போ விதைத்து 45ஆம் நாள் அறுத்து அங்கேயே போட்டால் இரண்டாவது மூடாக்கும் ஆயிற்று, தழைச்சத்தும் ஆயிற்று. அதுவரை இளம் செடிக்கு நிழலும் கிடைக்கும்.

நட்டு 40 நாள் ஆகியும் முளை வரவில்லை. தோண்டிப் பார்க்கலாமா?

ஒரே ஒரு குழியை மட்டும், கையால். மண்வெட்டி வேண்டாம். கிழங்கு கல் மாதிரி கெட்டியாக இருந்தால் உறக்கம் கலையவில்லை என்று பொருள், மூடிவிட்டுக் காத்திருங்கள். மண்ணிலிருந்து வெட்டியெடுத்த கிழங்குக்கு இரண்டரை முதல் மூன்று மாதம் உறக்கம் உண்டு. தை மாதக் கிழங்கை மாசியிலேயே நட்டவர்களுக்கு இந்தத் தாமதம் வரும். அமுக்கினால் உள்வாங்கி, புளித்த வாடை அடித்தால் அது போய்விட்டது. அந்தக் குழி மண்ணையும் வெளியே எடுத்துப் போடுங்கள்.

சரியான முளை மண்ணைப் பிளந்து வரும்போது இளஞ்சிவப்பு உறை போர்த்திய கூம்பாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் உறை பிரிந்து, மடித்த குடைபோல இலை மேலேறும்.

ஒரு செடிக்கு ஒரே ஒரு தண்டுதான் வந்திருக்கிறது. கோளாறா?

இல்லை. நீங்கள் தண்டு என்று பார்ப்பது தண்டே அல்ல, அது இலைக்காம்பு. மேலே விரிந்த குடை முழுதும் ஒரே இலை. பருவத்தில் இன்னும் ஒன்றிரண்டு இலை வரலாம், அவ்வளவுதான். அந்த ஒரு இலை சமைத்ததுதான் கிழங்கில் சேர்கிறது. நட்ட துண்டு மெல்லச் சுருங்கிப்போக, அதன் தலைமேல் புதுக் கிழங்கு உருவாகும். களை எடுக்கும்போது அந்தக் காம்பு ஒடிந்தால் அந்தச் செடியின் வருடமே வீண் என்று வேலை செய்பவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நட்டதும் ஒன்று, அதன்பின் மழை இல்லாத காலத்தில் வாரம் ஒன்று. மூடாக்கைத் தூக்கி விரலை ஒரு கணு இறக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த வாரத் தண்ணீரை விட்டுவிடலாம். வெட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

நன்றாக நின்ற செடி திடீரென்று அடியில் ஒடிந்து சாய்கிறது. ஏன்?

அடித்தண்டு அழுகல். சேனையில் அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான்.

சாய்ந்த செடியின் அடியை மூடாக்கு விலக்கிப் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் காம்பு பழுப்பாகி நீர் கோத்திருக்கும். அதைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்திருக்கும். நூலின் நடுவே கடுகு போல உருண்டைகள், சில வெள்ளையாக, சில பழுப்பாக. அந்தக் கடுகுதான் பூஞ்சையின் விதை. மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

அது உள்ளே நுழைய வழி வேண்டும். பெரும்பாலும் வழி செய்து கொடுப்பது களைக்கொட்டு. ஆவணியில் களை வெட்டும்போது காம்பில் சின்னக் கீறல் விழும்; அடுத்து இரண்டு நாள் மழை; பத்தாம் நாள் செடி சாயும். எனவே செடியைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குக் கையால் மட்டும் களை பிடுங்குங்கள். மழைக்காலத்தில் மூடாக்கு காம்பை ஒட்டிக் கிடக்காமல் நான்கு விரல் தள்ளி விடுங்கள். வரிசைக்கு வரிசை வடிகால் வாய்க்கால் வெட்டுங்கள்.

சாய்ந்த செடியைக் கடுகு உதிராமல் சாக்கில் போட்டு எடுத்துப்போய் எரித்துவிடுங்கள். எருக்குழியில் போட்டால் அடுத்த வருடம் நிலம் முழுக்கப் பரவும். பக்கத்துச் செடிகளுக்கு, ஒரு கிலோ டிரைக்கோடெர்மாவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில் ஈரச் சாக்கு மூடி 15 நாள் வைத்ததை, செடிக்கு இரண்டு கைப்பிடி போடுங்கள். இதோடு ரசாயனப் பூஞ்சைக்கொல்லியைச் சேர்த்து ஊற்றாதீர்கள். நீங்கள் போட்ட நல்ல பூஞ்சையும் செத்துவிடும். இரண்டு வருடம் அந்த இடத்தில் சேனையோ மல்லாட்டையோ வேண்டாம். மல்லாட்டையையும் தாக்குவது இதே பூஞ்சைதான். வடாற்காடு நிலங்களில் மல்லாட்டை போட்ட இடத்திலேயே சேனை நட்டு ஏமாறுவது அதனால்தான்.

இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருக்கிறது.

தேமல் நச்சுயிர். மருந்து கிடையாது. இலை சுருண்டு சின்னதாக இருந்தால் பிடுங்கிவிடுங்கள். விளைந்தாலும் அந்தக் கிழங்கை விதைக்கு வைக்கக் கூடாது, சமைத்துச் சாப்பிடலாம். கார்த்திகைக்குப் பிறகு இலை முழுதும் ஒரே சீராக மஞ்சளாவது நோயல்ல, முற்றுகிறது.

இலைக்குப் பதில் ஊதா நிறத்தில் பூ வந்து, அழுகிய மாமிச வாடை அடிக்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. பெரிய கிழங்குகள் சில சமயம் இலைக்கு முன் பூக்கும். அழுகலைத் தேடி வரும் வண்டையும் ஈயையும் அழைக்கத்தான் அந்த வாடை. தண்டின் அடியில் பெண் பூக்கள், மேலே ஆண் பூக்கள்; பெண் பூ முதலில் பக்குவமாகிறது, அது முடிந்தபின் மகரந்தம் உதிர்கிறது. சில நாளில் வாடிவிடும். விளைச்சலுக்காக வளர்ப்பவர்கள் கண்டதும் அடியோடு அறுத்துவிடலாம், கிழங்கின் சேமிப்பு அதில் வீணாக வேண்டாம். வீட்டுத் தோட்டத்தில் ஒன்று பூத்தால் விட்டுப் பாருங்கள். இப்படியொரு பூவை அடிக்கடி பார்க்க முடியாது.

தென்னந்தோப்பில் ஊடுபயிராகப் போடலாமா?

வேலூரில் சேனைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. மரம் 20 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். 8 முதல் 20 வயது மரங்களின் நிழல் அடர்த்தி, காம்பு வெளிச்சம் தேடி நீண்டு சாயும். மரத்தடியிலிருந்து 2 மீட்டர் வட்டத்தை விட்டு நட்டால் ஏக்கருக்கு 3000 முதல் 3500 செடி பிடிக்கும். தென்னைக்கான உரத்தைத் தனியாகக் கொடுங்கள், சேனைக்குப் போட்டதே போதும் என்று விடாதீர்கள்.

மாடியில்?

50 லிட்டர் கொள்ளும் பையில் ஒரு செடி. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய உரம். அடியில் துளைகள் தாராளமாக. மேற்கு வெயில் படாத மூலை.

எப்போது வெட்டுவது, எவ்வளவு கிடைக்கும்?

இலை மஞ்சளாகிக் காம்பு தானே சாய்ந்தபின். காம்பிலிருந்து ஓரடி தள்ளிக் கடப்பாரையை இறக்கி நெம்புங்கள். நெருக்கிக் குத்தினால் கிழங்கு காயமாகும், காயப்பட்டது பத்து நாள்கூடத் தாங்காது. அரை கிலோ நட்டு 2 கிலோ எடுத்தால் நல்ல விளைச்சல், ஏக்கருக்கு 10 டன்.

கழுவ வேண்டாம். மண்ணை உதிர்த்து, வேரைக் கிள்ளி, காற்றோட்டமான நிழலில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். விதைக்கு வைப்பதில் மாவுப்பூச்சி வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

காறல் ஏன்? எப்படிப் போக்குவது?

கிழங்கின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக இருக்கிறது. நறுக்கும்போதும் மெல்லும்போதும் அந்த ஊசிகள் தோலிலும் நாக்கிலும் தைக்கின்றன. வேகவைப்பதால் மட்டும் அவை கரைவதில்லை. அதனால்தான் புளி, மோர், எலுமிச்சை என்று புளிப்பைச் சேர்க்கிறோம்.

வெட்டிய உடனே சமைக்காமல் ஒரு மாதம் நிழலில் கிடந்த கிழங்கு காறல் குறைவு. உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, ஈரம் படாமல், தோலைக் கனமாகச் சீவுங்கள். துண்டுகளை அரிசி கழுவிய கழனித் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வடித்துவிடுங்கள். அரை கிலோ சேனைக்கு எலுமிச்சை அளவு புளியை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அரை ஸ்பூன் மஞ்சள்தூளும் உப்பும் போட்டுக் கொதித்தபின் துண்டுகளைப் போடுங்கள். கத்தி முனை தடையில்லாமல் இறங்கியதும் அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு வறுவலோ குழம்போ செய்யலாம். புளி சேர்ந்தால் வேக நேரம் கூடும். அதற்காகப் புளியைக் குறைக்க வேண்டாம்.

கை அரித்தால் தண்ணீரில் கழுவுவதற்கு முன் புளியைத் தேய்த்துக்கொள்ளுங்கள். தொண்டை காறினால் மோர். நாக்கோ உதடோ வீங்கினால், மூச்சு இறுகினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சிறுநீரகக் கல் இருப்பவர்கள் சாப்பிடலாமா?

பெரும்பாலான கல்லும் கால்சியம் ஆக்சலேட்தான். ஒருமுறை கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேனையை அடிக்கடி சேர்க்காதீர்கள். மூல நோய்க்குச் சேனை நல்லது என்று வீடுகளில் சொல்வதுண்டு. நார்ச்சத்து மலம் இளக உதவும், அதற்காக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

கிழங்கோடு ஒட்டி வந்த சின்னக் கிழங்குகளை என்ன செய்வது?

எறியாதீர்கள். நாட்டுச் சேனையில் இவை நிறைய வரும். 100 கிராம் தேறுவதைப் பிரித்து வைத்து, சித்திரையில் இரண்டடிக்கு ஒன்றரை அடி இடைவெளியில் நெருக்கி நடுங்கள். தை மாதம் அவை வெட்டாமல் நடக்கூடிய முழு விதைக்கிழங்காகக் கைக்கு வரும். கஜேந்திரா போட்டவர்களுக்குப் பக்கக் கிழங்கு கிடைக்காது. விதைக்காக ஒதுக்கிய பெரிய கிழங்குகளையே 100 கிராம் துண்டுகளாக, நடு வளையம் விடுபடாமல் கீற்றுப்போட்டு, இதே இடைவெளியில் நட்டுக்கொள்ளலாம்.